கண் திறக்கும் வேலை

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தார். நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கிறவர். "அண்ணாச்சி, இப்பல்லாம் போட்டோவ உள்ள போட்டா கம்ப்யூட்டரே கண்ணத் தொறந்து குடுத்துருது. நீங்க பென்சில்ல எப்படிச் செஞ்சீங்கன்னு கொஞ்சம் எழுதித் தாங்களேன். புதுசா வருதவங்ககிட்ட காட்டணும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, நான் ஆபீஸிலிருந்துதான் ஓய்வு பெற்றிருக்கிறேன், அந்த வேலையிலிருந்து இன்னும் பெறவில்லை என்று.

காவல் துறையில் ஓவியர் என்றால், சாட்சி சொல்லச் சொல்லத் திருடன் முகத்தை வரைகிறவர் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சினிமா செய்த காரியம் அது. தென்காசியில் நான் வரைந்த திருடர்கள் கொஞ்சம். வரைந்ததெல்லாம் பெரும்பாலும் இறந்துபோனவர்களை. குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர் சட்டை, செருப்பு, பர்ஸ், செல்போன் எல்லாவற்றையும் எங்கோ கழற்றி வைத்துவிட்டு ஒரு துண்டோடுதான் தண்ணீருக்குப் போவார். அந்தக் கோலத்தில் வழுக்கி விழுந்து உயிர் போய்விட்டால், அவர் முதலாளியா கூலிக்காரரா, எந்த ஊர், என்ன பாஷை, ஒன்றும் தெரியாது. கூட வந்தவர்கள் இருந்தால் சரி. தனியாக வந்தவர் என்றால் எங்களிடம்தான் வந்து சேருவார்.

இறந்த முகத்தை அப்படியே பேப்பரில் போட முடியாது. போட்டாலும் வீட்டுக்காரர்களுக்கு அடையாளம் தெரியாது. உயிரோடு நடமாடிய ஆளைத்தானே அவர்களுக்குத் தெரியும். ஆகவே போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வீக்கத்தைக் குறைத்து, வாயை மூடி, தலையைச் சீவி, கடைசியில் கண்ணைத் திறந்து வரைந்து கொடுக்க வேண்டும். அதனால் ஸ்டேஷனில் எனக்கு ஸ்தபதி என்று பட்டப்பெயர். டீ கொண்டு வருகிறவர் வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுவார்.

ஓவியப் பள்ளியில் இதைச் சொல்லித் தரவில்லை. அங்கே பூசணிக்காயும் பித்தளைச் செம்பும் வரைந்தோம். பிறகு பயிற்சி என்று சொல்லிக் கொஞ்ச நாள் சென்னையில் உட்கார வைத்தார்கள். நான் வேலை கற்றது மாசானமுத்து சார் என்ற இன்ஸ்பெக்டரிடம். அவருக்கு ஒரு கோடு வரையத் தெரியாது.

மாசானமுத்து சார் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. பிணம் என்ற சொல்லோ பாடி என்ற சொல்லோ அவர் வாயில் வராது. "ஓய் கணபதி, ஆளு வந்திருக்காரு, வாரும்" என்பார். விருந்தாளி வந்திருப்பதாக நினைத்துக்கொண்டு முதல் தடவை சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு போனேன். காணாமல்போனவரைத் தேடி யாராவது வந்தால் சார் வைத்திருந்த முறையில் ஒருபோதும் மாற்றம் இருக்காது. முதலில் நாற்காலி. பிறகு தண்ணீர். படம் மேஜையில் கவிழ்த்துத்தான் இருக்கும். வந்தவர்கள் தங்கள் ஆளைப் பற்றிச் சொல்லி முடிக்கிற வரைக்கும் அதைத் தொடமாட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, அவசரம் இல்லை என்று சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் எடுத்துத் திருப்புவார்.

என்னுடைய முதல் படத்தில் நான் கெட்டிக்காரத்தனம் காட்டியிருந்தேன். கண்ணில் ஒரு ஏக்கம் வைத்திருந்தேன். ஏதோ பெரிய ஓவியம் என்று எனக்கு நினைப்பு. சார் வெகுநேரம் பார்த்தார். பாராட்டப்போகிறார் என்று நின்றேன்.

"கண்ணுல ஒண்ணும் வைக்காதீரும் ஓய். சோகம் வேண்டாம், சிரிப்பு வேண்டாம். தொறந்து மட்டும் விடும். மிச்சத்த வந்து பாக்குதவங்க வச்சுக்கிடுவாங்க" என்றார்.

அதற்குப் பிறகு நான் வரைந்த கண்களில் ஒன்றும் இருக்காது. இமை, கருமணி, அதில் ஒரு வெளிச்சப் புள்ளி. அந்தப் புள்ளியைக் கடைசியில்தான் வைப்பேன். வைத்ததும் பென்சிலைக் கீழே போட்டுவிடுவேன்.

தம்பி கேட்டதற்கு ஒரு சம்பவத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஃபிலிம் ரோல் காலம். நான் கோர்ட் வேலையாகத் திருநெல்வேலிக்குப் போயிருந்தபோது ஒரு ஆள் வந்து சேர்ந்திருந்தார். அருவிக்குக் கீழே பாறை இடுக்கில் கிடந்தவர். நான் திரும்பி வந்தபோது ஸ்டுடியோவில் கழுவிய போட்டோ மட்டும் மேஜையில் இருந்தது. அதைப் பார்த்து வரைந்தேன். புருவத்தில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு, அழுத்தமான வகிடு. படத்தைப் பஸ் ஸ்டாண்டில் ஒட்டினார்கள், செங்கோட்டையில் ஒட்டினார்கள், கேரள எல்லையில் புளியறை செக்போஸ்டிலும் ஒட்டினார்கள். ஒருவரும் வரவில்லை. வைத்திருக்க வேண்டிய நாள் வரை வைத்திருந்துவிட்டு, யாரும் கேட்டு வராதவர் என்று அடக்கம் செய்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஒரு பெண் வந்தாள். புளியறையில் லாரிக்காரர்கள் சாப்பிடுகிற கடை ஒன்றில் அவள் புருஷன் பரோட்டா மாஸ்டர். வீட்டில் ஏதோ வாக்குவாதம், குளித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவர் திரும்பவில்லை. கேரளாவுக்கு வேலைக்குப் போயிருப்பார் என்று எல்லோரும் சொல்ல, அவளும் நம்பியிருக்கிறாள். செக்போஸ்டில் அந்தப் படத்தைத் தினமும் கடந்து போயிருக்கிறாள். தினமும் நின்று பார்த்திருக்கிறாள். அது அவர் இல்லை என்று தீர்மானமாகத் தெரிந்தும் மனம் கேட்காமல் பஸ் ஏறிவிட்டாள்.

நாற்காலி, தண்ணீர் எல்லாம் முறைப்படி ஆயிற்று. அவள் சொன்னாள், சார் கேட்டார். இடது புருவத்தில் தழும்பு என்றாள். படத்தைத் திருப்பினார். தழும்பு வலது பக்கம் இருந்தது. எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. தழும்புள்ள ஆட்கள் ஊரில் எத்தனையோ பேர். அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மூஞ்சி அவுக மூஞ்சிதான் சார். ஆனா இது அவுக இல்ல" என்றாள்.

அவள் இல்லை என்று சொல்லிவிட்டால் சட்டப்படி அதோடு முடிந்தது. அவள் புளியறைக்குத் திரும்பிப் போய், எல்லை தாண்டி வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்துக்கொண்டு காலம் பூராவும் இருக்க வேண்டியதுதான். சார் படத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஜன்னலுக்குப் போனார். தாளின் முதுகுப்பக்கம் அவளைப் பார்க்கும்படி கண்ணாடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் வரைவது மெல்லிய தாளில்தான். வெளிச்சத்தில் முகம் மறுபக்கம் தெரிந்தது. தழும்பு இடது பக்கம் வந்திருந்தது, வகிடும் மாறியிருந்தது.

"இப்பம் பாரு தாயி" என்றார்.

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. "கண்ணு தொறந்தா இருந்தாவ?" என்று கேட்டாள். எதற்கு அதைக் கேட்டாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"இல்லம்மா. நல்லா மூடித்தான் இருந்தாரு. நீ பாக்கணும்னு இவருதான் தொறந்து விட்டிருக்காரு" என்று சார் என்னைக் காட்டினார். அவள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். என் வேலைக்குக் கிடைத்த மரியாதை என்றால் அதுதான். அதைவிடச் சங்கடமாக நான் எங்கேயும் நின்றதுமில்லை.

ஸ்டுடியோவில் நெகட்டிவைப் புரட்டி வைத்து பிரிண்ட் போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம். சரியான பக்கமாக இன்னொரு படம் வரைந்து அவளுக்குக் கொடுக்கச் சொன்னார் சார். வரைந்து கொடுத்தேன்.

அன்று ஜீப் ரிப்பேர். என் ஸ்கூட்டரில்தான் சாரை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று வழியில் கேட்டேன். "ஷேவ் பண்ணும்போது தெனம் ஒரு மூஞ்சியப் பாக்கேன். போட்டோவுல பாத்தா அது நான் இல்ல. வேற யாரோ என் சட்டையப் போட்டிருக்க மாதிரி இருக்கு" என்றார். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து மறுபடியும் குரல். "ஓய், உம்ம இடப்பக்கக் கண்ணாடியில ரோடே தெரியல. என் மூஞ்சில்லா தெரியுது." கண்ணாடி லூஸாகிவிட்டது சார், திருப்பி வைக்கிறேன் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேண்டாம் வேண்டாம். வீட்டம்மாவுக்குன்னு வச்சத நான் ஏன் கெடுக்கணும்" என்றார்.

மாசானமுத்து சார் இப்போது இல்லை. நானும் ஓய்வு பெற்று மேலகரத்தில் கட்டிய வீட்டில் இருக்கிறேன். இருக்கிறோம் என்று எழுதித்தான் பழக்கம். போன சாரல் சமயத்தில் கோமதி போய்விட்டாள். மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள், நான்கு மணி காபிக்கு எழுந்திருக்கவில்லை.

கோமதிக்கும் கேமராவுக்கும் ஆகாது. ஃபிளாஷ் அடிக்கிற அந்த நொடியில் சரியாகக் கண்ணை மூடிவிடுவாள். கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும்போதும் மூடியிருக்கிறாள், மகள் கல்யாணத்தில் வரிசையாக நிற்கும்போதும் மூடியிருக்கிறாள். செல்போன் வந்த பிறகு ஃபிளாஷ் இல்லாவிட்டாலும் அதே கதை. ஆதார் அட்டையில் மட்டும் கண் திறந்திருக்கிறது. அதுவும் எடுத்தவர் அதட்டியதில் திறந்த கண். கடைசியில் மாலை போடுவதற்கென்று மகள் தன் கல்யாணப் படத்திலிருந்து அம்மாவின் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினாள். நல்ல சிரிப்பு, கண் மூடியிருந்தது. பதினாறாம் நாள் வந்தவர்கள், தூங்குகிற மாதிரியே இருக்கிறது என்று ஆறுதலாகச் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் கண் திறந்து விட்டவன் வீட்டில் இப்படி ஒரு படம்.

மகள் வள்ளி பெங்களூரில் இருக்கிறாள். ஏதோ ஒரு ஆப்பில் போட்டுக் கண்ணைத் திறக்க வைத்து அனுப்பினாள். திறந்திருந்தது. பற்பசை விளம்பரத்தில் வருகிற யாரோ ஒரு பெண்ணின் கண். அவளே போன் செய்து, "இது அம்மா இல்லப்பா. ஆண்டு வாரதுக்குள்ள நீங்களே வரைஞ்சு தாங்க" என்றாள். கை நடுங்குகிறது, கோடு நெளிகிறது என்றேன். நடுக்கத்தைச் சரி பண்ணுகிற வசதி இதில் இருக்கிறது என்று ஒரு டேப்லெட்டும் அதற்கான பேனாவும் வாங்கி அனுப்பிவிட்டாள்.

அதைக் கற்றுக்கொண்ட கதை ஒன்றும் பெருமையானதல்ல. மேலே ஒரு ஓரத்தில் பிரஷ், பக்கத்தில் தேய்க்கிற விரல், அதற்கடுத்து ரப்பர். இதுவரைக்கும் புரிந்தது. எதிர் ஓரத்தில் ஒரு ஸ்பேனர் படம். படம் வரைகிற இடத்தில் மெக்கானிக்குக்கு என்ன வேலை என்று அதைத் தொடாமலே இருந்தேன். உள்ளங்கை பட்டால் கோடு விழுந்தது. இரண்டு விரல் சேர்ந்து பட்டால் கடைசியாக வரைந்த கோடு காணாமல் போனது. ஒரு காலை பூராவும் வரைந்த காதைக் கண் முன்னாலேயே ஒவ்வொரு கோடாக அது தின்று தீர்த்தது. யூடியூபில் ஒருவர் சொல்லித் தந்தார், பஸ் கிளம்பிவிடும் என்ற வேகத்தில். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவர் "புரிஞ்சுதா?" என்று கேட்கும்போது "சரி" என்று வாய்விட்டுச் சொல்லுவேன். பல நாள் அந்த வீட்டில் நான் பேசுகிற முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

மெதுவாகப் பிடிபட்டது. அடுக்கு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள் வைத்த மாதிரி. அடியில் கோமதியின் போட்டோ. அதை மங்கலாக்கிக்கொள்ள விரலால் தள்ளுகிற ஒரு கோடு உண்டு. அதற்கு மேலடுக்கில் முகம், அதற்கும் மேலே கண்ணுக்கென்று தனி அடுக்கு. ஒவ்வொரு அடுக்குக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண் படம் இருக்கும். அதைத் தொட்டால் அந்த அடுக்கு மறையும், மறுபடி தொட்டால் வரும். கண் அடுக்கை மறைத்தால் கோமதி கண்ணை மூடினாள். வரவழைத்தால் திறந்தாள். ஒரு நாள் மத்தியானம் உலை கொதித்து வழிவது தெரியாமல் அதையே செய்துகொண்டிருந்தேன். பிறகு பயமாக இருந்தது. அணைத்து வைத்துவிட்டேன்.

ஒரு பக்கம் வரைந்தால் மறுபக்கம் தானாக வரைந்துகொள்கிற கருவியும் இருந்தது. வேலை மிச்சம் என்று அதைப் போட்டேன். இரண்டு கண்ணும் ஒன்றுபோல வந்து கடை பொம்மை மாதிரி விழித்தாள். அழித்துவிட்டுப் பழைய முறைக்கே திரும்பினேன். நடுக்கோடு போட்டு, ஆதார் படத்தில் அளவெடுத்தேன். இமைக்கு வள்ளியை வீடியோவில் கூப்பிட்டு, பேசாமல் இரு என்று உட்கார வைத்துப் பார்த்தேன். அவளுக்கு அம்மாவின் இமை. கண்ணில் ஒன்றும் வைக்கவில்லை. கடைசியில் அந்தப் புள்ளியை வைத்தேன். பேனாவைக் கீழே வைத்தேன்.

வள்ளிக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. கொஞ்ச நேரம் அழுகைதான் கேட்டது. "அம்மாதான்ப்பா. அம்மாவேதான்" என்றாள்.

எனக்கு அப்படி இல்லை. அளவெல்லாம் சரி, இமை சரி, சிரிப்பு சரி. எத்தனை தரம் பார்த்தாலும், கோமதியின் அக்காவோ தங்கையோ வந்து நிற்பது போல இருந்தது. மற்றவர்கள் வந்து பார்த்து மிச்சத்தை வைத்துக்கொள்வார்கள் என்று சார் சொன்னாரே, இந்தத் தடவை வந்து பார்க்கிறவன் நான். என்னால் வைக்க முடியவில்லை. இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தவளின் முகம் ஒரு வருஷத்துக்குள் எனக்கு மறந்துபோய்விட்டதா? அவள் போன அன்றுகூட நான் அவ்வளவு தனியாக இல்லை.

புளியறைப் பெண் சொன்ன வார்த்தை அப்போதுதான் நினைவு வந்தது. மூஞ்சி அவள் மூஞ்சிதான், ஆனால் இது அவள் இல்லை. டேப்லெட்டை ஜன்னலில் பிடித்துப் பார்க்க முடியாதே. அதுவரை தொடாத ஸ்பேனரைத் தொட்டேன். உள்ளே நீளமாக ஒரு பட்டியல் இறங்கியது. அதில் படத்தை இடவலமாகப் புரட்டுவதற்கு ஒரு கருவி இருந்தது. தொட்டேன்.

கோமதி என்னைப் பார்த்தாள்.

வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவளேதான். ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, லாரி ஹாரன் அடங்கட்டும் என்று நிறுத்தியிருக்கிற கோமதி. அது எந்த இடத்து முகம் என்று அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது.

அவள் குற்றாலத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்தாள். காலையில் அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் நான் தென்காசிக்குத் திரும்புவேன். வீட்டில் என் அப்பா அம்மா இருந்தார்கள், குழந்தை இருந்தது, டிவி இருந்தது. எங்களுக்குப் பேச்சு என்பது அந்த ரோட்டில்தான். ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்காருவாள். காற்றில் பேச்சு பறந்துவிடும் என்று இடப்பக்கம் தனியாக ஒரு கண்ணாடி வாங்கி மாட்டி, அவள் முகம் தெரியும்படி திருப்பி வைத்தேன். மகள் படிப்பு, என் தங்கை கல்யாணம், வீட்டு மனை, எல்லாம் அந்தக் கண்ணாடிக்குள் முடிவானவை. அவளுடைய கோபத்தையும் அதில்தான் பார்த்திருக்கிறேன். சாரல் அடித்தால் எட்டி, முந்தானையால் அந்தக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "ரோடு தெரியுதா?" என்பாள். தெரியுது என்பேன். அதில் ரோடு தெரியாது என்று அவளுக்கும் தெரியும்.

ஆண்டு நினைவுக்கு வள்ளி நேரான படத்தைத்தான் பெரிதாகப் போட்டுச் சட்டம் மாட்டினாள். வந்தவர்கள் அச்சு அசல் என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஊர் பார்த்த முகம் அது. தம்பி, உங்கள் கம்ப்யூட்டர் கண்ணைத் திறக்கட்டும், நல்லதுதான். வீட்டுக்காரர்கள் இல்லை என்று சொன்னால் ஒரு தரம் புரட்டிக் காட்டுங்கள். ஒவ்வொருவரும் எந்தப் பக்கமிருந்து பார்த்தார்களோ நமக்குத் தெரியாது.

இப்போது காலையில், நாங்கள் கிளம்புகிற அந்த நேரத்துக்கு, டேப்லெட்டை எடுத்து மடியில் வைத்துப் படத்தைப் புரட்டிக்கொள்கிறேன். திரையைத் துண்டால் துடைத்துவிட்டு, வள்ளி என்ன சொன்னாள், மோட்டார் ஏன் தண்ணீர் ஏற்றவில்லை என்று எல்லாம் சொல்லுகிறேன். பள்ளிக்கூட வாசல் வருகிற வரைக்கும் எவ்வளவு பேசுவோமோ அவ்வளவுதான். பிறகு நேராக்கி மூடிவிடுகிறேன். அவளும் அப்படித்தான், வண்டியை விட்டு இறங்கிவிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டாள்.